பதினேழாம் பக்கத்துச் சொல்

ஜூன் 3

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீங்களும் அங்கே நலமாக இருப்பீங்கன்னு நினைக்கறேன்.

எங்க ஸ்கூலோட ஐம்பதாவது ஆண்டு மலர் நேத்து கைக்கு வந்தது. பதினேழாம் பக்கத்தில் என்னைப் பத்தி நீங்க இங்கிலீஷ்ல எழுதிக் கொடுத்தது வந்திருக்கு. மூணாவது பத்தி, கடைசி வரி. என் சிரிப்பைப் பத்தி ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க. மூணே எழுத்து, wry. 'ரை'ன்னு படிக்கணுமாம், பெரிய டீச்சர் சொன்னாங்க. சொல்லிட்டு என் முகத்தைப் பார்க்காம ஜன்னலைப் பார்த்தாங்க. அதுல இருந்துதான் எனக்குச் சந்தேகம் வந்தது.

லைப்ரரியில் இருந்த அகராதியை எடுத்துப் பார்த்தேன். 'கோணலான, திருகிய, ஒரு பக்கம் இழுத்த' என்று போட்டிருக்கு. வேற எந்த அர்த்தமும் இல்லை.

என் வாய் பிப்ரவரி மாசத்தில் இருந்து எப்படி இருக்குன்னு உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? சொல்லி இருந்தா, அதை நாலு பேர் படிக்கிற மாதிரி அச்சில் ஏத்தறதுல உங்களுக்கு என்ன சந்தோஷம்? சொல்லலைன்னா, இருக்கற ஆயிரம் வார்த்தையில் இதுதான் கிடைச்சுதா?

பதிலை எழுத்தில் அனுப்புங்க. போன் வேண்டாம். போன்ல நீங்க வழுக்கிட்டுப் போயிடுவீங்க. இருபது வருஷமா பார்க்கறேன்.

இப்படிக்கு,
அண்ணி


ஜூன் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதத்தைப் பிரிச்சதும் கவரைத் திருப்பி விலாசத்தைப் பார்த்தேன். வேற யாருக்கோ வந்த வக்கீல் நோட்டீஸோன்னு நினைச்சேன். 'நீங்க', 'இப்படிக்கு'! கல்யாணமாகி வந்த மறுநாளே என்னை 'டேய், அந்த வாளியைத் தள்ளி வை'ன்னு சொன்னவங்க நீங்க. அப்போ எனக்கு வயசு பத்தொன்பது. இப்போ இந்த மரியாதையைத் தாங்க முடியல.

முதல்ல வார்த்தை. நீங்க பார்த்த அகராதி ரொம்பப் பழசு. அதைத் தொகுத்தவங்க பாதி அர்த்தத்தோட நிறுத்திட்டாங்க. எங்க அகராதி அலுவலகத்தில் நான் பண்ற வேலையே அதுதானே, விட்டுப்போன மீதிப் பாதியை எழுதறது.

அது பழைய ஆங்கிலத்தில் ஒரு வினைச்சொல். திரும்பறது, ஒரு பக்கமா சாயறது. சில நூறு வருஷம் கழிச்சு, திரும்பின கழுத்துக்கும் இழுத்த வாய்க்கும் சொல்ல ஆரம்பிச்சாங்க. நீங்க பார்த்தது இந்த அர்த்தம். அதுக்கும் ரொம்ப பின்னால, இன்னொண்ணு வந்து ஒட்டிக்குச்சு. ஒருத்தர் சிரிக்காம ஒரு விஷயம் சொல்றார். சத்தமே இல்லை. வாயோட ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் மேலே போகுது. அந்த ஓரத்தைப் பார்த்தாத்தான் அது ஜோக்குன்னே தெரியும். அந்த மாதிரி நகைச்சுவைக்குத்தான் இப்போ அந்தச் சொல்லை வைக்கறாங்க. எழுதும்போது முன்னால 'டபிள்யூ'ன்னு ஒரு எழுத்து வரும். ஆனா அதை உச்சரிக்கறது இல்லை. அதுவும் முகத்தை அசைக்காம உட்கார்ந்திருக்கு.

நான் எழுதினது இதைத்தான். போன நவம்பர்ல உங்க வகுப்பில் ரெண்டு நாள் உட்கார்ந்தேனே, ஞாபகம் இருக்கா? ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். காது கேளாதோர் பள்ளின்னு வாசல்ல அவ்வளவு பெரிய போர்டு. அதைத் தாண்டி உள்ளே வந்து, தொண்டையைச் செருமிக்கிட்டு, 'என்ன குழந்தைகளா, பின் வரிசைக்குக் கேக்குதா?'ன்னார். நீங்க கரும்பலகையைத் துடைச்சுக்கிட்டே, 'முன் வரிசைக்கே கேக்கல சார், நீங்க கவலைப்படாம பேசுங்க'ன்னீங்க. அவர் தலையை ஆட்டிட்டுப் பேசினார். உங்க வாயோட வலது ஓரம் ஒரு நூல் அளவு மேலே போச்சு. அதை நான் நோட்டில் எழுதி வச்சுக்கிட்டேன். டிசம்பர்ல அந்தப் பக்கத்தை எழுதி பெரிய டீச்சருக்கு அனுப்பிட்டேன். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் என்ன ஆச்சு? எனக்கு யாரும் எதுவும் சொல்லல. உடம்பு சரியில்லையா? விவரமா எழுதுங்க. மருந்தை விடாதீங்க, கண்ணைப் பத்திரமா பார்த்துக்கோங்க. அண்ணனை ஒரு தடவை பேசச் சொல்லுங்க.

அன்புடன்,
உங்க கொழுந்தன்


ஜூன் 12

தம்பிக்கு,

உங்க கடிதத்தை மூணு தடவை படிச்சேன். முதல் தடவை இன்ஸ்பெக்டர் வந்த இடத்தில் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ரெண்டாவது தடவை அந்தச் சிரிப்பு மேலேயே சந்தேகம் வந்தது. ஏன் இவ்வளவு அழகா எழுதறார், எதை மூடறதுக்கு? மூணாவது தடவை கிடைச்சுடுச்சு.

'கண்ணைப் பத்திரமா பார்த்துக்கோங்க.'

தம்பி, நான் எழுதின கடிதத்தில் வாயைப் பத்தி ஒரு வரி இருக்கு. கண்ணைப் பத்தி ஒரு எழுத்து கிடையாது. நகல் எடுத்து வச்சிருக்கேன், மறுபடி பார்த்துட்டேன். என்ன ஆச்சுன்னே தெரியாத ஆளுக்கு, கண்ணு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?

தெரியாதுன்னே வச்சுக்குவோம். அப்போ நானே சொல்றேன், கேளுங்க. பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையில் பல் தேய்ச்சிட்டு வாய் கொப்பளிச்சேன். தண்ணி வெளியே துப்பறதுக்கு முன்னாலேயே இடது பக்கமா ஒழுகிப் போச்சு. கண்ணாடியைப் பார்த்தேன். பாதி முகம் என்னோடது, பாதி முகம் தூங்குது. முக நரம்பு வீங்கியிருக்குன்னு டாக்டர் சொன்னார். பக்கவாதம் இல்லை, பயப்படாதீங்க, மூணு மாசத்தில் நூத்துக்குத் தொண்ணூறு பேருக்குச் சரியாயிடும்னார். மிச்சம் பத்துப் பேர் யாருன்னு நான் கேக்கல. நாலு மாசம் ஆச்சு. இப்போ தெரிஞ்சுபோச்சு.

இடது கண்ணு மூடாது. சொட்டு மருந்து விட்டு, பிளாஸ்டர் ஒட்டித்தான் படுக்கணும். அந்தக் கண்ணைத்தான் நீங்க பத்திரமா பார்த்துக்கச் சொன்னீங்க.

என் வேலை என்னன்னு உங்களுக்குத் தெரியும். ஒன்பது குழந்தைங்க என் உதட்டைப் பார்த்துத்தான் பேசக் கத்துக்குதுங்க. 'ப'வும் 'ம'வும் உதட்டில் ஒரே மாதிரி தெரியும். வாய்க்கு முன்னால ஒரு காகிதத் துண்டைப் பிடிப்பேன். 'ப'ன்னா காகிதம் துடிக்கும், 'ம'ன்னா துடிக்காது. இப்போ எனக்கு 'ப' சொன்னா இடது பக்கமா காத்து ஓடிடுது. காகிதம் அசையல. 'அப்பா'ன்னு நான் சொன்னா அதுங்க 'அவ்வா'ன்னு எழுதிச்சுங்க. மார்ச்ல இருந்து லீவுல இருக்கேன். வெளியே போனா மாஸ்க். ஜூலை பதினாலாம் தேதி நிர்வாகத்தில் இருந்து மூணு பேர் வந்து, நான் பாடம் நடத்தறதைப் பார்த்துட்டு, வகுப்பா இல்லை ஆபீஸ் அறையில் ஒரு மேஜையான்னு முடிவு பண்ணப் போறாங்க. அந்த மூணு பேர் கையிலேயும் இப்போ இந்த மலர் இருக்கும். பதினேழாம் பக்கம் இருக்கும்.

உங்க அண்ணன்கிட்ட முதல் நாளே சொன்னேன், உங்க வீட்டு ஆளுங்க யாருக்கும் இது போகக் கூடாதுன்னு. அவர் தலை மேல கை வச்சு சத்தியம் பண்ணினார். என் தலை மேல இல்லை, அவர் தலை மேலேயே. இப்போ அதுவும் சந்தேகமா இருக்கு.

அச்சுக்குப் போறதுக்கு முன்னால திருத்தறதுக்கு உங்களுக்கு புரூஃப் வந்திருக்கும். எப்போ வந்தது? அதை மட்டும் சொல்லுங்க.

அண்ணி


ஜூன் 15

அண்ணிக்கு,

படிச்சு முடிச்சேன். ரொம்ப வருத்தமா இருக்கு.

கண்ணைப் பத்தி எழுதினது சும்மா வாய்வழக்கு. 'உடம்பைப் பார்த்துக்கோங்க'ன்னு எழுதற மாதிரி. நாள் முழுக்க ஸ்கிரீனைப் பார்க்கறவன், யாருக்கு எழுதினாலும் கண்ணைச் சொல்லித்தான் முடிப்பேன். இதை வச்சு ஒரு கேஸ் நடத்தாதீங்க.

புரூஃப் எப்போ வந்ததுன்னு சரியா ஞாபகம் இல்லை. ஜனவரியா இருக்கலாம். அதுக்காக நீங்க ஸ்கூல் ஆபீஸுக்குப் போய் ஃபைல் எல்லாம் புரட்ட வேண்டாம். தூசி. கண்ணுக்கு ஆகாது.

நானும் ஒண்ணு கேக்கறேன். போன் வேண்டாம், போன் வேண்டாம்னு ஏன்? நான் ரெண்டு தடவை கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. அண்ணனைக் கேட்டா 'அவ பாத்ரூம்ல இருக்கா'ங்கறார். ரெண்டு தடவையும் பாத்ரூமா? இந்தக் கடிதம் எல்லாம் நீங்களே எழுதறீங்களா, இல்லை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கறாங்களா? எனக்கும் சந்தேகம் வராதா?

உங்க கொழுந்தன்


ஜூன் 19

டேய்,

ஃபைல் புரட்டினேன். தூசி இல்லை. பெரிய டீச்சர் எல்லாத்தையும் பிளாஸ்டிக் கவர்ல போட்டு வச்சிருக்காங்க.

புரூஃப் மேல உன் கையெழுத்து, கீழே உன் கையாலேயே தேதி. ஏப்ரல் பதினொண்ணு. ஜனவரி இல்லை. பதினேழாம் பக்கத்தில் அந்த வார்த்தையைச் சுத்தி பென்சில்ல ஒரு வட்டம். பக்கத்தில் ஏதோ எழுதி அழிச்சிருக்கு. அதுக்குக் கீழே இன்னொண்ணு, அதுவும் அழிச்சிருக்கு. அப்புறம் இன்னொண்ணு. காகிதமே தேய்ஞ்சு போயிருக்கு. கடைசியா, பேனாவில் 'இருக்கட்டும்'.

இருக்கட்டுமா? யாரைக் கேட்டு இருக்கட்டும்?

சாயங்காலம் உங்க அண்ணன் வேலை முடிச்சு வந்ததும், செருப்பைக் கழட்ட விடல. 'ஏப்ரல்ல உங்க தம்பிக்குத் தெரியுமா?'ன்னேன். அவர் கையில் இருந்த டூல் பாக்ஸைக் கீழே வச்சார். லிஃப்ட் ரிப்பேர் பண்ற மனுஷன், எதைக் கேட்டாலும் நடுவுல நின்னுட்ட லிஃப்ட் மாதிரி மேலேயும் போக மாட்டார், கீழேயும் வர மாட்டார். 'எப்போ தெரியும்?'ன்னேன். 'மூணாம் நாள்'ன்னார். 'நீங்களா சொன்னீங்க?' 'அழுகை வந்துது, யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்துது'ன்னார். நான் அழாம இருந்த மூணு நாள்ல அவருக்கு அழுகை வந்திருக்கு.

ஆக, பிப்ரவரி பதினொண்ணுல இருந்து உனக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே ஏப்ரல்ல அந்த வார்த்தையை வட்டம் போட்டுப் பார்த்து, யோசிச்சு, இருக்கட்டும்னு விட்டிருக்கே. ஜூன்ல எனக்கு 'பிப்ரவரியில் என்ன ஆச்சு'ன்னு எழுதறே. அந்த வரியை எழுதும்போது உன் முகம் எப்படி இருந்துதுன்னு எனக்குப் பார்க்கணும்.

போன் எடுக்காததுக்குக் காரணம் கேட்டே. 'தம்பி'ன்னு சொல்ல 'ப'வும் வேணும், 'ம'வும் வேணும். போதுமா?

நானூறு மலர் அச்சடிச்சிருக்காங்க. நூறுக்கு மேல போயிடுச்சு. மிச்சத்தை நிறுத்தச் சொல்லிட்டேன். அந்த வார்த்தை மேல வெள்ளைக் காகிதத் துண்டு ஒட்டித்தான் வெளியே போகும்.

கையெழுத்துப் போடல.


ஜூன் 25

அண்ணி,

எதையும் மறைக்காம எழுதறேன். கிழிச்சுப் போடறதுன்னாலும் படிச்சிட்டுக் கிழிங்க.

அண்ணன் பிப்ரவரியில் சொன்னது உண்மை. 'உனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா என்னை வீட்டை விட்டுத் துரத்திடுவா'ன்னார். அதனாலதான் தெரியாத மாதிரி எழுதினேன். அவரைக் காப்பாத்தறதுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நிஜமான காரணம் அது மட்டும் இல்லை. பயம்.

மார்ச்ல ஒரு நாள் அங்கே வந்தேன். உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். அண்ணன் பிசியோதெரபி கிளினிக்குக் கூட்டிட்டுப் போனார். அறைக் கதவு பாதி திறந்திருந்தது. நீங்க கண்ணாடி முன்னால உட்கார்ந்து, வாய்க்கு நேரா ஒரு காகிதத் துண்டைப் பிடிச்சுக்கிட்டு 'ப, ப, ப'ன்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. காகிதம் அசையல. நீங்க காகிதத்தை இன்னும் கிட்ட கொண்டு வந்தீங்க. அப்பவும் அசையல. நான் திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு வந்துட்டேன். அண்ணன் பின்னாலேயே வந்து 'ஒரு வார்த்தை பேசிட்டுப் போடா'ன்னார். நான் வரல. கோழைத்தனம்தான். வேற பேரு அதுக்கு இல்லை.

ஏப்ரல்ல புரூஃப் வந்தது. அந்த வார்த்தையைப் பார்த்ததும் எனக்கு வேர்த்துடுச்சு. உடனே வட்டம் போட்டேன். மாத்திடலாம், என்ன கஷ்டம், சொல்லுக்குச் சொல் எடுத்து வைக்கறதுதானே என் பிழைப்பு.

முதல்ல 'ட்ரை'ன்னு எழுதினேன். உலர்ந்த நகைச்சுவை. சாதாரண வார்த்தை, யாருக்கும் உறுத்தாது. எழுதின கையோட உங்க கண்ணு ஞாபகம் வந்தது. தண்ணி வத்திப்போய், மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விடற கண்ணு. அழிச்சேன்.

அடுத்தது 'டெட்பேன்'. முகத்தில் ஒரு அசைவும் இல்லாம ஜோக் அடிக்கறவங்களுக்குச் சொல்றது. 'பேன்'ங்கறது முகத்துக்கு ஒரு கொச்சைப் பேரு. முழுசாச் சொன்னா, செத்த மூஞ்சி. பென்சிலைக் கீழேயே போட்டுட்டேன்.

மூணாவது 'சார்டானிக்', கசப்பான கிண்டல். ஒரு தீவுல ஒரு விஷச்செடி இருந்துதாம். அதைத் தின்னவங்க முகம் இழுத்துக்கிட்டு, சிரிக்கிற மாதிரியே செத்துப்போவாங்கன்னு பழைய காலத்து ஆளுங்க நம்பினாங்களாம். அதுல இருந்து வந்த வார்த்தை. அழிச்சதுல காகிதம் தேய்ஞ்சது அந்த இடத்தில்தான். அப்புறம் 'ட்ரோல்'னு ஒண்ணு, விசித்திரமா சிரிப்பு மூட்டறது. அதைத் தோண்டிக்கிட்டே போனா, அடியில் ஒரு குட்டிப் பிசாசு உட்கார்ந்திருக்கலாம்னு சொல்றாங்க. அதை எழுதவே இல்லை.

நாலு மணிக்கு உட்கார்ந்தவன் ஆபீஸ் பூட்டறவரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அண்ணி, சிரிக்காம சிரிக்க வைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல இருக்கற எந்த வார்த்தையை எடுத்தாலும், தோலை உரிச்சா உள்ளே ஒரு முகம் இருக்கு. காய்ஞ்ச முகம், செத்த முகம், இழுத்துக்கிட்ட முகம். எல்லாத்துலேயும் முகம் அப்படியே நின்னு போயிருக்கு. நான் முதல்ல போட்ட வார்த்தையில் மட்டும் அது திரும்பிக்கிட்டு இருக்கு. அசையுது.

இன்னொண்ணும் தோணுச்சு. இதை எடுத்துட்டு 'இனிமையான சிரிப்பு'ன்னு போட்டா, அப்போதான் நான் உங்க வாயைப் பார்த்துட்டு எழுதின ஆள் ஆவேன். டிசம்பர்ல எழுதினப்போ நான் உங்களைப் பார்த்து எழுதினேன். அதனாலதான் 'இருக்கட்டும்'.

இதெல்லாம் எனக்குள்ள நானே நடத்தின பஞ்சாயத்து. உங்களைக் கேட்டிருக்கணும். கேக்கல. அது தப்பு.

துண்டு ஒட்டறதுன்னா ஒட்டுங்க. நிர்வாகத்துக்கு நான் ஒரு விளக்கம் எழுதட்டுமா?


ஜூலை 1

எழுத வேண்டாம். நீ விளக்கம் எழுதினா அதுக்கு ஒரு விளக்கம் தேவைப்படும்.

நீ எழுதினதை நம்பறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணல. நாலு வார்த்தையையும் பெரிய டீச்சரோட கம்ப்யூட்டர்ல தேடிப் பார்த்தேன். செத்த மூஞ்சி உண்மை. விஷச்செடியும் உண்மை. அதுக்காக நீ அன்னைக்கு அதையெல்லாம் நினைச்சு உட்கார்ந்திருந்தேங்கறது உண்மைன்னு ஆகாது. நான் கடிதம் போட்ட அப்புறம் உட்கார்ந்து ஜோடிச்சிருக்கலாம். உனக்கு அது ஒரு மணி நேர வேலை.

புரூஃபை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பிடிச்சுப் பார்த்தேன். பென்சிலை எவ்வளவு அழிச்சாலும் அழுத்தினது காகிதத்தில் பதிஞ்சிருக்கும். முதல்ல அழிச்சதுல 'ட்ரை' தெரியுது. ரெண்டாவதுல முதல் எழுத்து 'டி'. மூணாவது ஒண்ணும் தெரியல, கிழிசல்தான்.

சரி. அதுவரைக்கும் நம்பறேன்.

மார்ச்ல வந்துட்டுத் திரும்பிப் போனதை மட்டும் ஏன் எழுதினே? நான் கேக்கவே இல்லையே. அதைப் படிச்சதுல இருந்து அந்தக் கிளினிக் கதவைச் சாத்திட்டுத்தான் உட்காரறேன்.


ஜூலை 6

அண்ணி,

கேக்காததையும் சொன்னாத்தான் கேட்டதை நம்புவீங்கன்னு எழுதினேன். வேற கணக்கு இல்லை.

பதினாலாம் தேதிக்கு என்ன பண்ணப் போறீங்க? மாஸ்க்கைக் கழட்டணும்னு அவங்க கண்டிப்பா சொல்வாங்க. நீங்க முடியாதுன்னு எழுந்து வந்துடுவீங்களோன்னு அண்ணன் பயப்படறார். அவரோட நீங்க இன்னும் பேசறதில்லைன்னும், எது வேணும்னாலும் சீட்டு எழுதி ஃபிரிட்ஜ் மேல ஒட்டறீங்கன்னும் சொன்னார். நேத்து 'தக்காளி' சீட்டுக்குக் கீழே அவர் 'மன்னிச்சுடு'ன்னு எழுதினாராம். நீங்க அதுக்குக் கீழே 'அரை கிலோ'ன்னு எழுதினீங்களாம். மனுஷன் அதைப் போன்ல படிச்சுக் காட்டிட்டு, 'இது கோபமா கிண்டலாடா?'ன்னு கேக்கறார். இருபது வருஷம் குடித்தனம் பண்ணினவருக்கே தெரியல. நான் என்ன சொல்றது?

எனக்கும் தெரியலன்னு சொன்னேன்.

உங்க கொழுந்தன்


ஜூலை 18

தம்பிக்கு,

நடந்ததை வரிசையா எழுதறேன். உங்க அண்ணன் உனக்குப் போன்ல பாதி சொல்லி இருப்பார். அவர் சொன்னது எதையும் நம்பாதே. அவர் வெளியே வராண்டாவில் இருந்தார்.

மூணாம் தேதி துண்டு ஒட்ட உட்கார்ந்தேன். ஸ்கூல் சாப்பாட்டுக் கூடத்தில், நீளமேஜையில் மலரை அடுக்கி வச்சுக்கிட்டு, மாஸ்க் போட்டுக்கிட்டு, விரல் நகம் அளவுக்கு வெள்ளைத் துண்டு வெட்டி ஒட்டினேன். ஒரு ஐம்பது அறுபது முடிஞ்சிருக்கும். என் வகுப்பு ஒன்பது பேரும் வந்து நின்னாங்க. நாலு மாசமா என்னைப் பார்க்காததுங்க. என்ன பண்றீங்கன்னு சைகையில் கேட்டாங்க. தப்பா ஒரு வார்த்தை அச்சாயிடுச்சு, மறைக்கறேன்னு சொன்னேன், அதுவும் சைகையில்தான். எல்லாரும் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டாங்க.

அதுல ஒருத்தி, குருவின்னு கூப்பிடுவோம், பத்து வயசு, எதையும் சும்மா விட மாட்டா. ஒட்டறதுக்கு முன்னால என்ன வார்த்தைன்னு பார்த்தா. கையால கேட்டா: எப்படிச் சொல்றது இதை? கரும்பலகை இல்லை. சைகையில் எழுத்து எழுத்தா காட்டினேன். அவ தலையை ஆட்டினா. 'வாயில் சொல்லுங்க'ன்னா. அதுதான் என் வகுப்போட சட்டம், எதையும் வாயில் சொல்லணும். போட்டது நானே.

மாஸ்க்கைக் கழட்டினேன். வேற வழி தெரியல.

யாரும் பயப்படல. முகத்தைச் சுளிக்கல. எல்லாரும் உத்துப் பார்த்தாங்க, அவங்க எப்பவுமே பார்க்கற மாதிரி, வாயை மட்டும். 'ரை'ன்னேன். குருவி எதிர்ல இருந்து பார்த்தா, புரியல. எழுந்து என் இடது பக்கம் வந்து பார்த்தா, புரியல. சுத்திக்கிட்டு வலது பக்கம் போனா. மறுபடி சொல்லச் சொன்னா. சொன்னேன். அவ சத்தமா, சரியா, 'ரை'ன்னா. அப்புறம் மத்தவங்களைப் பார்த்து, என் இடது கன்னத்தைத் தொட்டு, 'இது லீவு'ன்னு காட்டினா. வலது கன்னத்தைத் தொட்டு, 'இதுதான் டீச்சர்.' ஒன்பது பேரும் பெஞ்சைத் தூக்கிக்கிட்டு வலது பக்கம் வந்துட்டாங்க.

என்ன அர்த்தம்னு கேட்டாங்க. நீ எனக்கு எழுதின மாதிரியே சொன்னேன். திரும்பறதுன்னு ஒரு அர்த்தம், கோணல்னு ஒரு அர்த்தம், சிரிக்காம சிரிக்க வைக்கிறதுன்னு ஒரு அர்த்தம். குருவி கத்தரிக்கோலைக் கீழே வச்சுட்டு, 'இதுல தப்பு எங்கே இருக்கு?'ன்னு கேட்டா. ஒட்டினது ஒட்டினதா இருக்கட்டும்னு மிச்சத்தை அப்படியே கட்டி வச்சுட்டேன். ஆக, உன் வார்த்தை ஒரு அறுபது பேருக்குத் தெரியாது, மிச்சப் பேருக்குத் தெரியும்.

பெஞ்சு மாறினதுல மத்த எழுத்தெல்லாம் சரியாப் போச்சு. 'ப' மட்டும் வரல. மறுநாளும் வரல. அஞ்சாம் தேதி, காகிதத்தைப் பிடிச்சுக்கிட்டு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிக்கிட்டு இருக்கும்போது, எரிச்சல்ல என் வாயோட இடது ஓரத்தை ஒரு விரலால அழுத்திப் பிடிச்சேன். ஊதின பலூன் வாயை அழுத்தற மாதிரி. காத்து ஓடல. காகிதம் துடிச்சுது. நாலு மாசமா பிசியோதெரபிஸ்ட் இதைத்தான் சொல்லிக்கிட்டு இருந்தாங்க. கையை வச்சுக்கிட்டுப் பேசறது அசிங்கம்னு நான்தான் கேக்கல.

பதினாலாம் தேதி அந்த மூணு பேரும் வந்தாங்க. பெரிய டீச்சர் அவங்களுக்கு நல்ல நாற்காலியா பார்த்துப் போட்டாங்க, என் இடது பக்கத்தில். நான் வேணும்னே மாத்தச் சொல்லல. பாடம் நடத்தினேன். அவங்களுக்கு நான் பேசறது காதுல விழுது, ஆனா முகத்தைப் பார்த்துப் பார்த்து அவங்களுக்கு எதுவும் மனசுல ஏறல, நல்லாத் தெரிஞ்சுது. அதுல வயசானவர் எழுந்து, 'குழந்தைகளுக்கு இது புரியுதுன்னு எப்படி நம்பறது?'ன்னார். நியாயமான சந்தேகம். நீங்களே ஒரு வாக்கியம் எழுதிக் கொடுங்க சார், நான் சத்தம் இல்லாம வாயை மட்டும் அசைக்கறேன்னேன். எழுதிக் கொடுத்தார். விரலை வாயோரத்துல வச்சுக்கிட்டு அசைச்சேன். ஒன்பது பேர்ல ஏழு பேர் அதை அப்படியே எழுதினாங்க. ஒருத்தன் பாதி எழுதினான். இன்னொருத்திக்கு அன்னைக்கு ஜலதோஷம். அந்த வாக்கியம், 'பள்ளிக்கூடத்துப் பாப்பா பம்பரம் பார்த்தாள்.' மனுஷன் வேணும்னே தேடி எழுதி இருக்கார்.

முடிவு நேத்து வந்தது. டிசம்பர் வரைக்கும் வகுப்பு, அப்புறம் மறுபடி பார்ப்பாங்களாம். முழு வெற்றின்னு சொல்ல முடியாது. நரம்பு இனிமே பெருசா திரும்பாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார், அதுவும் நேத்துதான். ரெண்டு காகிதமும் ஒரே கவர்ல இருக்கு.

உன்னை மன்னிச்சேனான்னு கேக்காதே. பொய் சொன்னது பொய் சொன்னதுதான். கதவுல இருந்து திரும்பிப் போனது அதைவிட வலிக்குது. உங்க அண்ணனோட பேச ஆரம்பிச்சுட்டேன். அவர் ஃபிரிட்ஜ் மேல எழுதறதுல எழுத்துப்பிழை தாங்கல, அதான்.

இன்னைக்கு வேற ஒண்ணு நடந்தது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

காலையில் வகுப்பில் ஒவ்வொருத்தரா எழுந்து 'ப' வரிசை சொன்னாங்க. முதல் பையன் வாயோட இடது ஓரத்தில் ஒரு விரலை வச்சுக்கிட்டு சொன்னான். ரெண்டாவதும் அப்படியே. மூணாவதும். எனக்குக் காது சூடாயிடுச்சு. என்னை மாதிரி நடிச்சுக் காட்டறாங்க, யார் சொல்லிக் கொடுத்ததுன்னு ஒவ்வொரு முகமா பார்த்தேன். யாரும் சிரிக்கல. அதனால சந்தேகம் இன்னும் கூடுச்சு.

மணிக்குப் பதிலா வச்சிருக்கற விளக்கு எரிஞ்சதும் எல்லாரும் வெளியே போனாங்க. குருவியோட அப்பா கேட் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தார். நான் ஜன்னல் பக்கம் மறைஞ்சு நின்னு பார்த்தேன். நான் பார்க்கறது அவளுக்குத் தெரியாது. அவ ஓடிப் போய் அவர் முன்னால நின்னா. விரலை எடுத்து வாயோரத்துல கெட்டியா வச்சுக்கிட்டா. 'அப்பா'ன்னா. தெளிவா, ரெண்டு 'ப'வும் விழற மாதிரி. அவளுக்கு அந்த எழுத்து அப்படித்தான் சொல்லணும்னு நினைப்பு. ஒன்பது பேருக்கும் அதே நினைப்பு.

இதை எப்படித் திருத்தறதுன்னு யோசிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். நாளைக்குத் திருத்தணும்.

அண்ணி